முயலின் சைனஸ் சளிச்சவ்வில் இரத்த ஓட்டத்தை அளத்தல்: அழற்சி மாதிரிக்கான முழுமையான வழிகாட்டி

அழற்சியுற்ற சைனஸ் சளிச்சவ்வில் இரத்த ஓட்டம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று கேட்டால், ஒரே விலங்கில் ஒரே நாளில் இரண்டு முறைகள் எதிரெதிரான பதில் தருவது உண்டு. இரண்டு கருவிகளும் பழுதில்லாமல் இருக்கும்போதே இது நடக்கும். அழற்சியில் சளிச்சவ்வின் தடிமன், எடை, நீர்ச்சத்து ஆகிய மூன்றுமே மாறிவிடுகின்றன. ஆகவே இயல்பான சவ்வில் ஒரு கருவி எதை அளந்ததோ, அதையே வீங்கிய சவ்விலும் அளக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கீழே உள்ள படிகளின் வரிசையில் பெரும்பகுதி இந்த ஒரு சிக்கலைச் சமாளிப்பதற்காகவே அமைந்தது.

நியூசிலாந்து வெள்ளை முயலின் மேல்தாடை சைனஸே இங்கு மாதிரி. நகரும் இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியின் மாற்றத்தைக் கொண்டு ஓட்டத்தைக் காட்டும் லேசர் டாப்ளர் முதன்மை அளவீடு. இரத்தத்தில் செலுத்திய நுண்ணிய கோளங்களில் எத்தனை திசுவில் சிக்கின என்று எண்ணும் நுண்கோள முறை அதன் சரிபார்ப்பு. படிப்பவர் விலங்கு அறுவைப் பயிற்சி பெற்றவர் என்றும், மயக்க மருந்துப் பொறுப்பை ஏற்கக் கால்நடை மருத்துவர் ஒருவர் உடனிருக்கிறார் என்றும் கொள்கிறேன்.

1. எந்த அலகில் விடை வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்தல்

விலங்கை வாங்குவதற்கு முன்பே இதை எழுதி வைக்க வேண்டும். ஒரு கிராம் திசுவுக்கு நிமிடத்திற்கு இத்தனை மில்லிலிட்டர் என்பது ஒரு விடை. ஒரு சதுர சென்டிமீட்டர் சவ்வுக்கு இத்தனை என்பது வேறொரு விடை. ஒரு பக்கத்துச் சைனஸ் முழுவதற்கும் இத்தனை என்பது மூன்றாவது விடை.

வீக்கத்தில் இவை பிரிந்து போகும். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு: இயல்பான சவ்வு 0.1 கிராம் எடையும் நிமிடத்திற்கு 0.05 மில்லிலிட்டர் ஓட்டமும் கொண்டதாக வைத்துக்கொண்டால், கிராமுக்கு 0.5 மில்லிலிட்டர் கிடைக்கும். அதே சவ்வு வீங்கி 0.25 கிராமாகி, ஓட்டமும் இரட்டித்து 0.1 மில்லிலிட்டர் ஆனால், கிராமுக்கு 0.4 தான். சைனஸுக்கு வந்த இரத்தம் இரண்டு மடங்கு. எழுதப்படும் எண்ணோ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எந்த அலகு வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்யாதவர், தரவு வந்த பிறகு தமக்குப் பிடித்த அலகைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குத் தள்ளப்படுவார்.

என் பரிந்துரை, முழுச் சைனஸுக்கான ஓட்டத்தையும் உலர் எடைக்கான ஓட்டத்தையும் முதன்மை விடைகளாக வைத்துக்கொண்டு, ஈர எடைக்கான எண்ணைத் துணையாகத் தருவது. உலர் எடையில் நீர்க்கோவையின் பங்கு நீங்கிவிடும். ஆனால் வந்து குவிந்த வெள்ளணுக்களின் பங்கு நீங்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

2. அனுமதியும் விலங்கின் தேர்வும்

இந்தியாவில் பணிபுரிபவர் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெறாமல் எதையும் தொடங்க இயலாது. பிற நாடுகளிலும் இதற்கு இணையான குழு உண்டு. எந்த நிலை வந்தால் விலங்கின் துன்பத்தை அங்கேயே முடித்துவிடுவது என்பதை விண்ணப்பத்திலேயே எண்ணாக எழுத வேண்டும். உடல் எடையில் 15 முதல் 20 விழுக்காடு வரை இழப்பு, தீனி மறுப்பு, புழுக்கை குறைதல், வாயால் மூச்சுவிட முயலுதல் ஆகியவை முயலுக்குப் பொருந்தும் அடையாளங்கள்.

முயலைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அதன் மேல்தாடை சைனஸ் உடலளவுக்குப் பெரியது. திறப்பு தெளிவாக இருப்பதால் அதை அடைக்க முடியும். லேசர் ப்ரோப்பை (ஒளியைச் செலுத்திப் படிக்கும் மெல்லிய முனையை) கொண்டு செல்லப் போதிய இடம் இருக்கும். எலியிலும் சுண்டெலியிலும் மரபணு ஆய்வு எளிது, ஆனால் சைனஸின் அளவு ப்ரோப்பின் முனைக்கே போதாது.

முயல் வாங்கும்போது பாஸ்டுரெல்லா மல்டோசிடா, போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா ஆகிய கிருமிகள் இல்லாத கூட்டத்திலிருந்து வந்தது என்ற சான்று கட்டாயம். சாதாரணப் பண்ணை முயல்களில் பல, வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் இவற்றை மூக்கில் சுமக்கின்றன. அப்படிப்பட்ட முயலின் ‘இயல்பான’ சைனஸ் இயல்பானதாக இருக்காது. வந்தவுடன் மூக்குத் துடைப்பு எடுத்து வளர்ப்புச் சோதனை செய்துவிட்டு, குறைந்தது ஒரு வாரம் பழக விட்ட பிறகே பணியைத் தொடங்க வேண்டும்.

எந்த முயல் அழற்சிக் குழுவுக்கு, எது போலி அறுவைக் குழுவுக்கு (அழற்சி உண்டாக்காமல் அறுவை மட்டும் செய்யப்படும் குழுவுக்கு) என்பதைச் சீட்டுக் குலுக்கல் முறையிலோ கணினி வழியாகவோ தீர்மானிக்கலாம். ஆனால் எல்லா முயல்களிலும் அறுவை இடப் பக்கத்தில்தான். பக்கத்தையும் ஏன் குலுக்கலுக்கு விடக்கூடாது என்பது 6-ஆம் படியில் விளங்கும்.

3. முன்னதாகத் தயாராக இருக்க வேண்டியவை

லேசர் டாப்ளர் கருவி, அதன் அளவுத்திருத்த நீர்மம், நுண்கையாள் தாங்கி, தமனி அழுத்தம் காட்டும் மானிட்டர், மூச்சின் இறுதிக் கரியமில வாயுவை அளக்கும் கருவி, வெப்ப மெத்தை, நிலையான வேகத்தில் இரத்தத்தை உறிஞ்சும் சிரிஞ்ச் பம்ப், 15 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒளிரும் நுண்கோளங்கள் இரண்டு நிறங்களில், நுண்ணோக்கி, எலும்பு துளைக்கும் சிறு துரப்பணம். இவற்றில் பம்பின் உண்மையான வேகத்தை, நீரை உறிஞ்சவைத்து எடைபோட்டுச் சோதிக்க வேண்டும். முகப்பில் காட்டும் எண்ணை அப்படியே நம்பினால், நுண்கோளக் கணக்கு முழுவதும் அந்தப் பிழையின் அளவுக்குச் சாயும்.

4. அழற்சியை உண்டாக்குதல்

மூக்கு முதுகின் நடுக்கோட்டில் கீறி, எலும்புறையை விலக்கி, சிறு எலும்புத் துளை வழியாக இடப் பக்கச் சைனஸின் திறப்பைத் திசுப் பசையால் அடைப்பது வழக்கமான முறை. பின்னர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நியுமோனியா போன்ற கிருமியின் அளவிட்ட கரைசலைச் சைனஸுக்குள் செலுத்தி, தோலை மூட வேண்டும். போலி அறுவைக் குழுவில் கீறலும் துளையும் அப்படியே; கிருமிக் கரைசலுக்குப் பதில் கிருமியற்ற உப்புநீர். அடைப்பு கிடையாது. திறப்பை அடைத்தாலே, கிருமி செலுத்தாவிட்டாலும், சவ்வில் மாற்றம் தொடங்கிவிடும் என்பதால், அடைப்பின் விளைவையும் கிருமியின் விளைவையும் பிரித்தறிய விரும்புபவர் மூன்றாவது குழு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

முயல் மூக்கால் மட்டுமே மூச்சுவிடப் பழகிய விலங்கு. ஆகவே அடைப்பு சைனஸின் திறப்போடு நிற்க வேண்டும். மூக்குக் குழிக்குள் பசை வழிந்தால் முயலுக்கு மூச்சுத் திணறும். இருபக்கமும் அடைப்பது எந்த நிலையிலும் கூடாது.

துளையைச் சைனஸ் கூரையின் முன்பகுதியில் வைத்துக்கொள்வது நல்லது. ஆறும் வடு புதிய இரத்த நாளங்கள் நிறைந்தது. பிறகு அளக்கப்போகும் இடம் அதற்கு அருகில் இருந்தால், அழற்சிக்குப் பதில் வடுவை அளக்க நேரும்.

வலி நிவாரணத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். மெலாக்ஸிகம் போன்ற மருந்துகள் புரோஸ்டகிளாண்டின்களைத் தடுப்பதன் மூலம், நாம் அளக்க வந்த நாள விரிவையே குறைக்கக்கூடும். புப்ரினார்ஃபினில் அந்தச் சிக்கல் இல்லை. எதைத் தேர்ந்தாலும் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் தர வேண்டும். ‘அளவீடு கெடும்’ என்று சொல்லி வலி மருந்தையே தவிர்ப்பது அறமும் அல்ல, அறிவியலும் அல்ல. வலியால் எழும் சிம்பதடிக் நரம்புத் தூண்டல் சளிச்சவ்வின் நாளங்களைச் சுருக்கிவிடும்.

கடும் அழற்சிக்கு ஐந்து முதல் ஏழு நாட்கள் கழித்தும், நாட்பட்ட நிலைக்கு நான்கு வாரங்கள் கழித்தும் அளக்கலாம். இடைப்பட்ட நாட்களில் தினமும் எடை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

5. அளவீட்டு நாள்: மயக்கமும் உடல்நிலையும்

கெட்டமின் கிலோவுக்கு 35 மில்லிகிராம், ஸைலசின் 5 மில்லிகிராம் என்பது முயலுக்குப் பரவலாக வழங்கும் அளவு. 4-ஆம் படியின் அறுவைக்கு அது போதும். அளவீட்டுக்கு அதை நான் ஏற்பதில்லை. ஸைலசின் ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தூண்டி நாளங்களைச் சுருக்கும், இதயத் துடிப்பை மெதுவாக்கும், மணிக்கணக்கில் விளைவு மாறிக்கொண்டே போகும். அது கொடுத்த முயலின் காதுத் தமனி நூலாக மெலிந்து, ஊசி ஏற்றவே சிரமப்படுத்துவதைப் பார்த்தாலே, சளிச்சவ்வில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அளவீட்டின்போது ஐசோஃபுளூரேன் நல்லது. அதுவும் நாளங்களை விரிக்கும், அழுத்தத்தைக் குறைக்கும். ஆனால் மூச்சின் இறுதிச் செறிவை நிலையாகப் பிடித்துவைக்க முடியும் என்பதால் எல்லா முயல்களிலும் ஒரே அளவு விளைவாக அமையும். முகமூடி வழியாக ஐசோஃபுளூரேனால் மயக்கத்தைத் தொடங்கக் கூடாது. முயல் மூச்சை அடக்கிக்கொண்டு திமிறும். ஊசி மருந்தால் குறுகிய மயக்கம் தந்து, மூச்சுக்குழலைத் திறந்து குழாய் பொருத்திய பின் வாயுவுக்கு மாற வேண்டும். மூச்சுக்குழல் வழி மூச்சு இருந்தால், மூக்கு வழியாகக் காற்று போய்வந்து சவ்வைக் குளிர்விப்பதும் உலர்த்துவதும் நின்றுபோகும்.

அளவீட்டுக்கு முன் உடல் வெப்பம் 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ், மூச்சின் இறுதிக் கரியமில வாயு 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம், சராசரித் தமனி அழுத்தம் 65-க்குக் குறையாமை ஆகிய மூன்றும் நிலைத்திருக்க வேண்டும். கரியமில வாயு ஏறினாலே நாளங்கள் விரியும். வெப்பம் இறங்கினால் சுருங்கும். முயல் வாந்தி எடுக்க முடியாத விலங்கு என்பதால் நீண்ட பட்டினி தேவையில்லை. பட்டினி போட்டால் குடல் இயக்கம் நின்று, விலங்கு வேறொரு நோயோடு மேசைக்கு வரும்.

கீறலைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடும்போது அட்ரினலின் கலந்த லிடோகெய்ன் குப்பியை எடுத்துவிடுவது புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. அறுவை அரங்கில் இரத்தக் கசிவைக் குறைக்க உதவும் அந்தக் கலவை, இங்கே அளவீட்டையே அழித்துவிடும். அந்தக் குப்பி அன்று அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

6. குழாய்கள்: எந்தப் பக்கம், எந்த வரிசை

நுண்கோளங்களை இதயத்தின் இட வென்ட்ரிக்கிளில் (இடக் கீழறையில்) செலுத்த வேண்டும். அதற்கு வழக்கமான பாதை கழுத்திலுள்ள வலக் கரோட்டிட் தமனி. ஆனால் தலையின் அந்தப் பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோவதே அந்தத் தமனிதான்; அதற்குள் குழாயைச் செருகிக் கட்டிவிட்டால், வலப் பக்கச் சைனஸ் ஒப்பீட்டுக்கு உதவாது. இதனால்தான் அழற்சியை எப்போதும் இடப் பக்கத்திலேயே உண்டாக்க வேண்டும், ஒப்பீட்டை மறுபக்கத்தோடு செய்யாமல் போலி அறுவைக் குழுவின் இடப் பக்கத்தோடு செய்ய வேண்டும். மறுபக்கத்தை நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு: முயலின் மூக்கிலும் மனிதர்களைப் போலவே இரு பக்கங்களின் வீக்கம் மாறி மாறி ஏறி இறங்கும் சுழற்சி இருக்கிறது.

வரிசை இது: மூச்சுக்குழல், அழுத்தத்துக்குக் காதுத் தமனி, ஒப்பீட்டு இரத்தத்தை (தெரிந்த வேகத்தில் உறிஞ்சி, அதிலுள்ள கோளங்களை எண்ணுவதற்கான மாதிரியை) எடுக்கத் தொடைத் தமனி, இடக் கரோட்டிட்டைச் சுற்றித் தளர்வான பட்டு நூல், அதன் பிறகு எலும்புச் சாளரமும் லேசர் சோதனையும், கடைசியாக வலக் கரோட்டிட் குழாய். கரோட்டிட் அடைப்புச் சோதனையை வலப் பக்கத்தைக் கட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கட்டிய பின் இடப் பக்கத்தையும் அடைத்தால் மூளைக்குப் போகும் இரண்டு முதன்மைப் பாதைகளும் மூடி, அழுத்தம் தாறுமாறாக ஏறும்.

நூலைச் சுற்றும்போது கரோட்டிட்டை ஒட்டி ஓடும் நரம்புகளைக் கவனிக்க வேண்டும். முயலில் வேகஸ், கழுத்துச் சிம்பதடிக், டிப்ரஸர் ஆகிய மூன்றும் தனித்தனி இழைகளாகத் தெரியும். சிம்பதடிக் இழை இழுபட்டாலோ அறுந்தாலோ அந்தப் பக்கத்துச் சளிச்சவ்வின் நாளங்கள் விரிந்து, அழற்சி இல்லாமலேயே ஓட்டம் கூடியதாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை: இரண்டு காதுகளையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் போதும். இடக் காதின் நாளங்கள் மட்டும் புடைத்து, காது சூடாகச் சிவந்திருந்தால் இழை காயப்பட்டிருக்கிறது. அந்த முயலின் லேசர் தரவைப் பயன்படுத்தக் கூடாது.

7. எலும்புச் சாளரம்

சைனஸ் கூரையின் பின்பகுதியில் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குத் திறப்பு போதும். துரப்பணம் சுழலும்போது அறை வெப்ப உப்புநீரைச் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உராய்வுச் சூடு அடியிலுள்ள சவ்வைச் சிவக்கவைக்கும். கடைசித் தகட்டைத் துரப்பணத்தால் உடைக்காமல், மெல்லிய ஊசிமுனையால் பெயர்த்தெடுப்பது பாதுகாப்பு.

இந்தத் திறப்பு வழியாகக் கூரையின் சவ்வு கிழிபடும் என்பதை ஏற்றுக்கொண்டு, எதிரே உள்ள தரைப் பகுதியின் சவ்வை அளக்க வேண்டும். திறந்த விளிம்பின் இரத்தக் கசிவு ஒரு சொட்டு தரையில் விழுந்தாலும் ப்ரோப் அதைப் படித்துவிடும். எலும்பு மெழுகை விளிம்பில் தடவினால் நின்றுவிடும்.

சீழ் நிறைந்திருந்தால், வளர்ப்புச் சோதனைக்குச் சிறிது எடுத்துவிட்டு, 38 டிகிரி வெப்பமுள்ள உப்புநீரால் மெதுவாகக் கழுவி, மெல்லிய குழாயால் விளிம்பிலிருந்து உறிஞ்ச வேண்டும். பஞ்சால் துடைக்கக் கூடாது. போலி அறுவை முயலிலும், கழுவ ஒன்றும் இல்லாவிட்டாலும், அதே அளவு கழுவல் நடக்க வேண்டும்.

மூடியிருந்த சைனஸுக்குள் ஆக்சிஜன் குறைந்தும் கரியமில வாயு கூடியும் இருந்திருக்கும். திறந்த நொடியில் அறைக்காற்று உள்ளே போய் அந்தச் சூழல் மாறிவிடும். இதைத் தவிர்க்க வழியில்லை. எல்லா முயல்களிலும் திறந்ததிலிருந்து அளவீடு வரையிலான நேரத்தை ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். 8-ஆம் படியின் கரோட்டிட் சோதனை முடிந்த பின் முப்பது நிமிடம் நிலைப்படுத்தல் நேரமாக வைத்து, அதுவரை சாளரத்தை ஈரமான மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடிவைக்க வேண்டும்.

8. லேசர் டாப்ளர் பதிவு

கருவியை அரை மணி நேரம் முன்பே இயக்கி, அளவுத்திருத்த நீர்மத்தில் சோதித்துக்கொள்ள வேண்டும். அந்த நீர்மத்தில் மிதக்கும் பாலிஸ்டைரின் துகள்களின் இயல்பான அசைவைத்தான் கருவி படிக்கிறது; அந்த அசைவு வெப்பத்தைப் பொறுத்தது என்பதால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சோதித்தால் அளவுத்திருத்தம் பொய்யாகிவிடும்.

ப்ரோப் சவ்வைத் தொடக்கூடாது. வீங்கிய சவ்வு கடற்பஞ்சு போன்றது. இலேசாக அழுத்தினாலும் இரத்தம் அங்கிருந்து விலகிவிடும், எண் சரியும். நுண்கையாள் தாங்கியில் பொருத்தி, நுண்ணோக்கியில் பார்த்தபடியே முனையைச் சவ்வுக்கு அரை மில்லிமீட்டர் மேலே நிறுத்த வேண்டும். இழைக்கம்பியை மேசையோடு நாடாவால் ஒட்டிவிட வேண்டும். கம்பி ஆடினாலே திரையில் கூரிய முள் எழும். ஹாலஜன் விளக்கை அணைத்துவிடுவது நல்லது. அதன் அகச்சிவப்பு ஒளி கருவியின் உணரிக்குள் புகும்.

நல்ல பதிவு திரையில் எப்படித் தெரியும் என்பதை அறிந்திருக்க வேண்டும். முயலின் இதயம் நிமிடத்திற்கு 180 முதல் 300 முறை வரை துடிக்கும்; அதன் அலை, நொடிக்கு மூன்று முதல் ஐந்து சிறு மேடுகளாகக் கோட்டின் மேல் அமர்ந்திருக்கும், அதற்கு அடியில் மூச்சின் மெதுவான ஏற்ற இறக்கம் தெரியும். கருவியின் சராசரிப்படுத்தும் நேரத்தை மூன்று நொடியாக வைத்தால் துடிப்பு அலை மறைந்துவிடும், ஆகவே 0.2 நொடியில் வைத்துப் பதிவுசெய்து, சராசரியைப் பிறகு கணினியில் எடுத்துக்கொள்வது மேல். துடிப்பு அலையே இல்லாத வழவழப்பான கோடு, எவ்வளவு உயரமாக இருந்தாலும் சந்தேகத்துக்குரியது.

அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது இடக் கரோட்டிட் நூல். இருபது நொடி நூலை இழுத்துத் தமனியை மூடினால் கோடு தெளிவாக இறங்க வேண்டும்; விட்டவுடன் முன்னிருந்த உயரத்தையும் சற்றுத் தாண்டி ஏறி, பிறகு அடங்க வேண்டும். மூடும்போது இறங்கவில்லை என்றால் ப்ரோப் இரத்த ஓட்டத்தைப் பார்க்கவில்லை. முனையில் சளி ஒட்டியிருக்கிறதா, தரையில் இரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனை முடிந்த பிறகே வலக் கரோட்டிட் குழாயைச் செருகி, நிலைப்படுத்தல் நேரத்தைத் தொடங்க வேண்டும்.

ஒரு முயலில் ஆறு புள்ளிகளாவது அளக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம். கருவி ஒரு நேரத்தில் படிப்பது ஒரு கன மில்லிமீட்டர் அளவுள்ள திசுவை. முனைக்கு அடியில் ஒரு சிறு நாளம் அகப்பட்டால் பக்கத்துப் புள்ளியைப் போல் பல மடங்கு காட்டும். கண்ணுக்குத் தெரியும் நாளத்தைத் தவிர்த்துப் புள்ளியைத் தேர்வதும் ஒரு சாய்வுதான் என்பதால், கண்ணாடித் தகட்டில் வரைந்த கட்டங்களின்படி இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்வது நல்லது. எந்த முயல் எந்தக் குழு என்பது அளப்பவருக்குத் தெரியக்கூடாது. சீழ் கண்ணில் பட்ட பிறகு இது பாதி வெறும் சடங்காகிவிடும் என்பது உண்மைதான். எனவே பதிவுகளைப் பிறகு படித்து எண்ணாக்குபவராவது குழு அறியாதவராக இருக்க வேண்டும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன சிக்கல். இயல்பான முயலின் சைனஸ் சவ்வு மிக மெல்லியது. அரை முதல் ஒரு மில்லிமீட்டர் ஆழம் வரை போகும் லேசர் ஒளி அதைக் கடந்து எலும்புறையையும் எலும்பின் நாளங்களையும் சேர்த்தே படிக்கிறது. வீங்கிய சவ்விலோ அதே ஒளி மேலடுக்கோடு நின்றுவிடும். மேலடுக்கில் நீர் தேங்கியிருந்தால் எண் குறையும். ஆழத்தில் விரிந்த நாளங்கள் கணக்கிலேயே வராது. இரு குழுக்களின் லேசர் எண்களை நேரடியாக ஒப்பிட்டு ‘ஓட்டம் குறைந்தது’ என்று எழுதுவது, இரண்டு வெவ்வேறு திசுக்களை ஒப்பிட்டதாகிவிடும். லேசர் டாப்ளரின் உண்மையான பலம் ஒரே புள்ளியில் நேரத்தோடு நிகழும் மாற்றத்தைக் காட்டுவது: நாளங்களைச் சுருக்கும் ஆக்ஸிமெட்டாஸோலின் மருந்தை ஒரு சொட்டு இட்டால் எத்தனை விழுக்காடு இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்பது போன்றவை. அதன் அலகைக் கிராமுக்கு மில்லிலிட்டர் என்று மாற்றி எழுதும் வழக்கத்தையும் கைவிட வேண்டும்; அப்படி மாற்ற நம்பகமான எண் எதுவும் இல்லை.

9. நுண்கோள அளவீடு

15 மைக்ரோமீட்டர் கோளம் தந்துகியை விடப் பெரியது. இதயத்திலிருந்து இரத்தத்தோடு கலந்து போய், முதல் சுற்றிலேயே தந்துகியின் வாயில் சிக்கி நின்றுவிடும். எந்தத் திசுவில் எத்தனை சிக்கின என்பதே அந்தத் திசுவுக்குச் சென்ற ஓட்டத்தின் பங்கு.

எத்தனை கோளங்கள் செலுத்த வேண்டும் என்பதைக் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும். ஒரு திசுத் துண்டில் குறைந்தது 400 கோளங்கள் சிக்கினால்தான் எண்ணிக்கைப் பிழை பத்து விழுக்காட்டுக்குள் அடங்கும் என்பது 1971 முதல் பின்பற்றப்படும் விதி. இதயம் நிமிடத்திற்கு 500 மில்லிலிட்டர் இறைப்பதாகவும், இடச் சைனஸ் சவ்வுக்கு 0.05 மில்லிலிட்டர் செல்வதாகவும் கொண்டால், அதன் பங்கு பத்தாயிரத்தில் ஒன்று. 400 கோளங்கள் வேண்டுமானால் 40 இலட்சம் செலுத்த வேண்டும். சிறுநீரகத்துக்குப் போதுமான எண்ணிக்கையை அப்படியே சைனஸுக்கும் எடுத்துக்கொள்பவர்கள், முடிவில் சில பத்துக் கோளங்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

செலுத்துவதற்கு முன் குப்பியை நன்றாகச் சுழற்றிக் கலக்கி, மீயொலித் தொட்டியில் சில நிமிடம் வைக்க வேண்டும்; கொத்தாக ஒட்டிய கோளங்கள் சிறு தமனிகளையே அடைக்கும். தொடைத் தமனியிலிருந்து நிமிடத்திற்கு ஒரு மில்லிலிட்டர் வேகத்தில் உறிஞ்சுவதைப் பத்து நொடி முன்பே தொடங்கி, கோளங்களை இருபது நொடியில் செலுத்தி, உப்புநீரால் குழாயைக் கழுவி, செலுத்தி முடித்த பிறகும் தொண்ணூறு நொடி உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். பம்பை முன்கூட்டியே நிறுத்தினால் ஒப்பீட்டு எண் குறைந்து, எல்லாத் திசுக்களின் ஓட்டமும் பொய்யாகக் கூடிவிடும். செலுத்தும்போது அழுத்தம் சட்டென்று இறங்கினால் அந்தச் செலுத்தலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

சில முயல்களில் எலும்புச் சாளரமே திறக்காமல் நுண்கோளம் மட்டும் செலுத்த வேண்டும். சாளரம் திறந்ததே ஓட்டத்தை எவ்வளவு மாற்றியது என்பதை அறிய வேறு வழி இல்லை. விலங்கு எண்ணிக்கையைக் காரணம் காட்டி இதை வெட்டிவிடும் திட்டங்களே அதிகம். நான் வேறெதையாவது குறைத்தாவது இதை வைத்துக்கொள்வேன்.

10. உயிரியல் சுழியம்

நுண்கோளம் முடிந்ததும், லேசர் ப்ரோப்பைக் கடைசிப் புள்ளியிலேயே விட்டுவைத்து, பென்டோபார்பிட்டால் மிகையளவு செலுத்தி விலங்கை வலியின்றி முடிக்க வேண்டும். ஓட்டம் நின்ற பிறகும் கோடு சுழியத்துக்கு இறங்காது. மீதி நிற்கும் அந்தச் சிறு உயரம்தான் உயிரியல் சுழியம். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும்.

சைனஸில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. சவ்வின் மேல் நுண்மயிர்போல் உள்ள குற்றிழைகள் இறந்த பிறகும் நெடுநேரம் அடித்துக்கொண்டிருக்கும். அவை நகர்த்தும் சளியின் அசைவையும் லேசர் அசைவாகவே படிக்கும். அழற்சியில் குற்றிழைகள் உதிர்ந்த சவ்வில் இந்தப் பங்கு குறைவாகவும், மீந்த சீழில் மிதக்கும் அணுக்களின் பங்கு கூடுதலாகவும் இருக்கலாம். ஆகவே ஒரு முயலின் உயிரியல் சுழியத்தை எல்லா முயல்களுக்கும் பொதுவாக வைத்துக் கழிக்கக் கூடாது.

11. திசு எடுத்தலும் எண்ணலும்

கட்டங்களின்படி அளந்த புள்ளிகளில் ஒன்றிரண்டை மையால் குறித்து, அங்கிருந்து சிறு துண்டை எலும்போடு சேர்த்தெடுத்துத் திசுவியலுக்கு அனுப்ப வேண்டும்; தடிமனை அங்கேதான் அளப்போம். மீதிச் சவ்வை எலும்பிலிருந்து உரித்து, உடனே எடை போட வேண்டும். சில நிமிடம் மேசையில் கிடந்தாலே நீர் ஆவியாகி ஈர எடை மாறிவிடும். திசுவியலுக்குப் போன துண்டின் பரப்பைக் குறித்துவைத்தால்தான் முழுச் சைனஸ் ஓட்டத்தைப் பிறகு ஈடுசெய்து கணக்கிட முடியும்.

இரண்டு சிறுநீரகங்களையும் நுரையீரல் துண்டு ஒன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரு சிறுநீரகங்களின் கிராம் ஓட்டம் 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால், கோளங்கள் இதயத்தில் சரியாகக் கலக்கவில்லை என்று பொருள். அந்த முயலின் நுண்கோளத் தரவு முழுவதையும் நீக்க வேண்டும். திசுவைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, வடிகட்டி, கோளங்களின் நிறச்சாயத்தைக் கரைப்பானால் பிரித்தெடுத்து ஒளிர்வை அளப்பது வரை எல்லாமே வெளிச்சம் படாமல் நடக்க வேண்டும்.

12. கணக்கும் முடிவைப் படிப்பதும்

திசுவின் ஓட்டம் என்பது, திசுவில் சிக்கிய கோளங்களை ஒப்பீட்டு இரத்தத்தின் கோளங்களால் வகுத்து, பம்பின் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது. சைனஸில் 400, ஒப்பீட்டில் 8,000, பம்ப் நிமிடத்திற்கு ஒரு மில்லிலிட்டர் என்றால் ஓட்டம் 0.05 மில்லிலிட்டர். இதைச் சராசரித் தமனி அழுத்தத்தால் வகுத்த எண்ணையும் தர வேண்டும்; அழற்சியுற்ற முயலின் அழுத்தம் மயக்கத்தில் கூடுதலாக இறங்கியிருந்தால், ஓட்டக் குறைவுக்குக் காரணம் சைனஸாக இல்லாமல் இதயமாக இருக்கலாம்.

புள்ளியியலில் ஒரு முயல் ஒரே ஓர் அலகு. எட்டு முயல்களில் ஆறு புள்ளிகள் வீதம் அளந்துவிட்டு 48 அளவீடுகள் என்று சோதனையில் இடுவது, இல்லாத உறுதியை உண்டாக்கும்; புள்ளிகளை முயலுக்குள் சராசரிப்படுத்தவோ, முயலைத் தனி அடுக்காகக் கொள்ளும் கலப்பு மாதிரியைப் பயன்படுத்தவோ வேண்டும்.

லேசரும் நுண்கோளமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், அதைப் பிழை என்று ஒதுக்குவதற்கு முன் இரண்டு வாய்ப்புகளைப் பார்க்க வேண்டும். லேசர் கூடி, நுண்கோளம் கூடவில்லை என்றால், இரத்தம் தந்துகிக்குள் போகாமல் தமனி–சிரைக் குறுக்குப் பாதைகள் வழியாக ஓடியிருக்கலாம். 15 மைக்ரோமீட்டர் கோளங்கள் அந்தப் பாதைகளைக் கடந்து நுரையீரலில் போய்ச் சேர்ந்துவிடும். நுண்கோளம் கூடி, லேசர் குறைந்தால், விரிந்த நாளங்கள் லேசரின் எட்டுக்குக் கீழே இருக்கலாம்; திசுவியலில் அளந்த தடிமனை அதே புள்ளியின் லேசர் எண்ணுக்கு எதிராக வரைபடத்தில் இட்டால் இது தெரிந்துவிடும். தடிமன் கூடக்கூட லேசர் எண் சரிந்துகொண்டே போனால், குழு வேறுபாட்டுக்கான லேசர் எண்களை முடிவுரையிலிருந்து எடுத்துவிட்டு, மருந்துக்கான எதிர்வினை விழுக்காட்டை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பதிப்புக்கு அனுப்பும்போது அந்த வரைபடத்தையும், ஒவ்வொரு முயலின் உயிரியல் சுழியத்தையும், கரோட்டிட் அடைப்பில் கோடு இறங்கிய அளவையும் இணைப்பாகச் சேர்க்க வேண்டும். மதிப்பாய்வாளர் முதலில் கேட்பவை அவைதான்.